பூஜ்யம் புள்ளி ஏழு

கதவின் மேல் ஒரு சிவப்புக் கண்.
ஏறினால் ஒன்று, இறங்கினால் ஒன்று.
தோளில் தூங்கும் குழந்தையை அது பார்ப்பதில்லை.
பருத்த பனிக்கோட்டைச் சில நாள் இரண்டாக எண்ணிவிடும்.
மாதக் கடைசியில் எல்லாம் என் மேசைக்கு வரும்,
பெயரில்லாமல்.

வாப்செட் கவுண்டி. இரண்டு லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக ஜனம்.
முப்பத்தொரு பஸ், அதில் நான்கு எப்போதும் பணிமனையில்.
நான் வரையும் கோடு
பெருந்தொற்று வருஷத்தில் கிணற்றில் விழுந்தது.
பிறகு ஏறியது, மூச்சு வாங்கி வாங்கி,
பழைய நூறுக்கு எழுபத்தொன்றில் உட்கார்ந்துவிட்டது.

காலை எட்டு மணியின் திமில் கரைந்துபோயிற்று:
காப்பீட்டு ஆபீஸ்காரர்கள்
வீட்டுச் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை.
பிற்பகல் மூன்றுக்குப் புதிதாய் ஒரு மேடு,
வான்கோழி ஆலையின் இரண்டாம் ஷிப்ட்.
திங்கள் விடியலிலும் ஒரு சின்ன முளை.
அதற்குப் பச்சை அடித்து
'வளர்ச்சி' என்று எழுதியது நான்தான்.

வழித்தடம் பதினொன்று, ஞாயிறு, கடைசி நடை, இரவு ஒன்பதரை:
பத்து வாரச் சராசரி 0.7 பேர்.

"அந்த முக்காலே அரைக்கால் குறைந்த ஆள் யாரப்பா?"
கமிஷனர் டெல்மர் குவிக்ஸ்டாட் கேட்டார்.
கூட்டம் சிரித்தது. நானும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
நாங்கள் அளந்து முடித்துவிட்டு
ஆற்றில் போடுகிறவர்கள்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு போய் ஏறினேன்.
ஓட்டுநர் ரோவீனா ஸ்டாங் என் காலைப் பார்த்தாள்.
"உப்புப் படியாத பூட்ஸ். ஆபீஸா?"
கல்லறை நிறுத்தம், யாருமில்லை.
மூடிய துணிக்கடை வளாகம், யாருமில்லை.
முதியோர் இல்லத்துப் பின்வாசலில் பஸ்ஸை நிறுத்தி
விளக்கைக் கொஞ்சம் மங்க வைத்தாள்.
ஒரு நிமிஷம். இரண்டு. மூன்று.
என் அறிக்கையில் இந்த இடம் எப்போதும் சிவப்பு:
காரணமற்ற தாமதம்.

நான்காவது நிமிஷம் கதவு திறந்து ஒருத்தி ஓடி வந்தாள்,
சலவைப் பொடி வாசனையோடு.
அவள் ஏறுவதற்காக பஸ் ஒரு பக்கம் மண்டியிட்டது.
மை ஸீ ஷியோங். சலவை அறை, ஒன்பது வருஷம்.
ஷிப்ட் முடிவது ஒன்பது முப்பதுக்கு,
அட்டையைத் தேய்க்க வரிசை.

பத்து ஞாயிறில் மூன்று நாள் நீங்கள் வருவதில்லையே என்றேன்.
சொல்லி முடிக்கும் முன்பே வெட்கமாயிருந்தது,
வருகைப் பதிவேடு எடுக்கிறவன் மாதிரி.
"அடுத்த ஆள் வராத நாள்," என்றாள்.
"அவள் வேலையும் நான்தான். காலை ஐந்து ஐம்பது பஸ்ஸில் போவேன்."

ஐந்து ஐம்பது. திங்கள்.
என் பச்சை முளை.

ஆக 0.7 என்பது முழுதாக ஒருத்தி.
மிச்சம் மூன்றும் அவளே,
வேறொரு பக்கத்தில், வேறு யாரோவாக,
தூங்காமல்.
எங்கள் கருவிக்கு எண்ணத் தெரியும்,
அந்தச் சொல்லின் ஒரு பொருளில் மட்டும்.

மார்ச் கூட்டத்தில் சொன்னேன். குவிக்ஸ்டாட் சிரிக்கவில்லை.
பேனாவை மூடிவிட்டு
"ஒரு நடைக்கு என்ன செலவு?" என்றார்.
ஐம்பத்தெட்டு டாலர்.
அதுவும் பொய்யில்லை.
ஜூன் பட்ஜெட்டில் பார்க்கலாம் என்று எழுந்தார்கள்.

திரும்பி வந்து கால அட்டவணையைத் திறந்தேன்.
ஒன்பது முப்பதை ஒன்பது முப்பத்து நாலாக்கினேன்.
யார் கையெழுத்தும் வேண்டாத மாற்றம்;
என் அதிகாரம் நான்கு நிமிஷம்.
ரோவீனாவின் சிவப்பு மறைந்தது.

பிறகு பிப்ரவரிக் கோப்பு.
அந்த இரவில் சிவப்புக் கண் இரண்டு பேரைக் கண்டிருந்தது.
ஒருவரைக் கழித்தேன்.