ரசமட்டம்

காலை ஐந்தே கால்.
தெருவிளக்கு இன்னும் அணையவில்லை.
காரைக்குடி கல்லூரிச் சாலையில் ஓடுகிறார்கள்.
சாலையில்தான்.
தார்மேல், வெள்ளைக் கோட்டுக்கு உள்பக்கம்,
திருச்சி பஸ் வருகிற வழியில்.
மூன்றடி தள்ளி
நான் போட்ட நடைபாதை
ஆளில்லாமல் கிடக்கிறது.

நான் போட்டது என்றால்
நானும் சித்தாள் பூவாயியும்
வடக்கிலிருந்து வந்த இரண்டு பையன்களும்.
நாற்பத்தொரு நாள்.
சிவப்பு ஒன்று சாம்பல் ஒன்று என
கோத்துக் கோத்துப் போட்ட கல்.
திறப்பு விழாவில் சேர்மன் பத்தடி நடந்தார்.
போட்டோ எடுத்ததும் காரில் ஏறிவிட்டார்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து
தினமும் எண்ணுகிறேன்.
பச்சைப் பனியன் போட்ட பல் டாக்டர்.
நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த பிறகு
ஓடத் தொடங்கிய நகைக்கடை வயிரவன்.
அது ஓட்டமில்லை,
கடன் கொடுத்தவனைத் தூரத்தில் பார்த்துவிட்ட நடை.
பேசிக்கொண்டே வரும் இரண்டு நர்ஸுகள்.
கோட்டையூரிலிருந்து சைக்கிளில் வந்து
மின்கம்பத்தோடு அதைப் பூட்டிவிட்டு
போலீஸ் தேர்வுக்காகத் தனியாக ஓடும்
யோகப்பிரியா.
ஒருத்தராவது மேலே ஏறி ஓட வேண்டுமே.

பால்வண்டிக்காரன்
ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் போகிறான்.
"பிளாட்பாரம் எதுக்குய்யா கட்டி வச்சிருக்கு?"
அந்த ஒரு கேள்விக்காகவே
அவனுக்கு டீ வாங்கித் தரலாம் போலிருந்தது.

ஒருநாள் வயிரவனை நிறுத்திக் கேட்டேன்.
"மேல ஓடலாமேங்க."
மூச்சு வாங்கியதில் பேச்சு வரவில்லை,
கையை மட்டும் நீட்டினார்.
டிரான்ஸ்பார்மர்.
அதற்கடுத்து இளநீர்க் குவியல்.
அதற்கடுத்து காதுகுத்து பிளக்ஸ்,
மூங்கில் ஊன்ற என் கல்லில் நாலைப் பெயர்த்திருக்கிறார்கள்.
அப்புறம் யாரோ பைக் ஏற்றப் போட்டுக்கொண்ட சரிவு.
அப்புறம் குட்டிகளோடு ஒரு நாய்.
நான் பார்க்காததில்லை.
மேலே வந்து உட்கார்ந்ததற்கெல்லாம்
கொத்தனார் பொறுப்பாக முடியுமா?
என் வேலை கல்லோடு சரி.

அந்தப் பெண்ணிடம் நான் கேட்கவில்லை.
தண்ணீர் குடிக்க வந்தவள்
டீ மாஸ்டரிடம் அவளாகத்தான் சொன்னாள்:
"கல்லு ஆடுதுண்ணே.
ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி ஆடுது.
போன மாசம் கணுக்கால் பிசகி
பதினெட்டு நாள் போச்சு.
பஸ்ஸு வந்தா சத்தம் கேக்கும்.
கல்லு சத்தம் போடாது."

மாஸ்டர் என் பக்கம் திரும்பவில்லை.
டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார்,
அது ஆறிய பிறகும்.

கல்லுக்கடியில் எம்சாண்ட் ரெண்டு அங்குலம்
என்று எழுதியிருந்தது.
வந்தது ஒன்று.
சில இடத்தில் அதுவும் இல்லை.
செம்மண்ணை நிரவி, தண்ணீர் தெளித்து,
மேலே கல்லை அடுக்கினோம்.
ரசமட்டம் வைத்துப் பார்த்தேன்.
குமிழி நடுவில் நின்றது.
அன்றைக்கு நின்றது.
"நடக்கத்தானய்யா போறாங்க, ஆடவா போறாங்க?"
என்றார் கான்ட்ராக்டர்.
எல்லோரும் சிரித்தோம்.
நானும்.
சனிக்கிழமை கூலி குறையாமல் வந்தது.

இன்று நாலு மணிக்கே போனேன்.
கரணை, ரப்பர் சுத்தி,
என் வீட்டு வேலையில் மிஞ்சிய அரை மூட்டை மணல்.
சைக்கிள் பூட்டும் கம்பத்தருகில் தொடங்கினேன்.
செல்போன் வெளிச்சத்தில் பெயர்த்து, நிரப்பி,
தட்டி, குனிந்து, ஒற்றைக் கண்ணால் பார்த்து
பதினோரு கல்.
அதற்குள் மணல் தீர்ந்துவிட்டது.
அவள் காலுக்கு இது ஓர் எட்டு.
ஓர் எட்டுக்காக யார் மேலே ஏறுவார்கள்?

ஐந்தே காலுக்கு வந்தாள்.
பூட்டினாள், குனிந்து லேஸை இறுக்கினாள்,
சாலையில் இறங்கினாள்.
கீழே பார்க்கவே இல்லை.

நான் கருவிகளைச் சாக்கில் கட்டித் தோளில் போட்டு
என் கல்மேலேயே வீட்டுக்கு நடந்தேன்.
பதினொன்று வரைக்கும் ஊன்றி ஊன்றி வைத்தேன்.
பன்னிரண்டாவதில்
கால் தானாக இறங்கித் தாரில் நின்றது.

பின்னால் பால்வண்டி.
ஹாரன்.