திரும்பி இரிங்க

கல்முனை பஸாருக்குப் பின்னால்
ஒன்பதுக்குப் பன்னிரண்டு அடி
இதுதான் என் டிஸ்பென்சரி.
ஒரேயொரு ஜன்னல்
அதுவும் பேக்கரிச் சுவரைப் பார்த்தது.
காற்று வேண்டுமென்றால் கதவைத் திறக்க வேண்டும்
கதவைத் திறந்தால்
வரிசை உள்ளே வந்துவிடும்.

பெரியாஸ்பத்திரிக்காரருக்கு உடுப்பு வந்தது
தலை முதல் கால் வரை வெள்ளையாய்.
எங்களுக்குச் சுற்றறிக்கை வந்தது.
தனியார் என்றால்
தனியாய் இரு என்றுதான் அர்த்தம்போலும்.

நான் வாங்கியது கடலுக்குப் போகிறவர்கள் போடும்
மஞ்சள் மழைக்கோட்டு.
நாலாம் நோயாளிக்குள் முழங்கையால் வேர்வை சொட்டும்.
"தோணிக்காரன் மாதிரி இருக்கிறீங்க டொக்டர்"
றிஸ்மியா சிரித்தாள், மருந்து எண்ணியபடி.
அடுத்த நாள் அவளுடைய தெருவை அடைத்தார்கள்.
மாத்திரைகளை நானே எண்ணினேன்.

முகமூடி ஐந்து.
ஐந்து கடதாசிப் பை, ஐந்து ஆணி,
திங்கள் செவ்வாய் என்று பேனையால் எழுதியது.
சனிக்கு மறுபடியும் திங்கள்.
வியாழனின் வார் அறுந்தது
பொத்தான் நூலால் தைத்தேன்.
வெள்ளியைப் போட்டால்
போன வெள்ளியின் வாய் மணக்கும்.

காசைச் சவர்க்காரத் தண்ணீரில் போடச் சொல்லி
ஒரு பேசின்.
பின்னேரம் கொடியில் கிளிப் மாட்டிக் காயும்
நூறு ரூபாய்கள், ஐம்பது ரூபாய்கள்.
பேக்கரிப் பொடியன் எட்டிப் பார்த்துக் கேட்டான்
"டொக்டர், நீங்களே அச்சடிக்கிறீங்களா?"

எல்லாரும் பொய் சொன்னார்கள்.
வெறும் தடிமல்தான்.
மழையில நனஞ்சது.
ஐஸ் தண்ணி குடிச்சிட்டன் மகள்.
காய்ச்சல் என்ற சொல்லை ஊரே மறந்துபோனது
சொன்னால் பஸ் வரும்
வாசலில் நோட்டீஸ் ஒட்டப்படும்
பால்காரன் இரண்டு வீடு தள்ளி நின்று கூப்பிடுவான்.

உதுமாலெவ்வைக் காக்கா மட்டும் நேரே சொன்னார்
"மவுத்துக்குப் பயமில்ல டொக்டர்.
மறுகா என்ன செய்வானுகள் எண்டுதான் பயம்."
நான் சிட்டையைப் பார்த்தபடி இருந்தேன்.
பரசிட்டமோல் எழுதினேன்.
வேறென்ன எழுத.

திரும்பி இரிங்க என்பேன்.
நெஞ்சுப் பக்கம் கேட்பதை
மார்ச்சிலேயே விட்டுவிட்டேன்.
அவர்கள் சுவரைப் பார்த்து இருமுவார்கள்
நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு
அவர்களுடைய மூச்சைக் கேட்பேன்.

ஏழு மாதமாய் எனக்கு முதுகுகளையே தெரியும்.
வேர்க்குருவில் பவுடர் பூசிய முதுகு.
வெட்டுக் காலத்து வெயில் சட்டைக்கு வெளியே மட்டும் கறுப்பித்த முதுகு.
தோளுக்குக் கீழே குழிந்த பழைய காயம்
"இது எப்ப?"
"தொண்ணூறில."
அதற்குமேல் இருவரும் பேசவில்லை
ஆழமா மூச்சு எடுங்க என்றேன், அவ்வளவுதான்.

போன கிழமை சந்தையில் ஒருவர்
"சுகமா டொக்டர்" என்றார்
யாரென்று பிடிபடவில்லை.
மீன் பையோடு திரும்பி நடந்தபோதுதான்
அந்தச் சாய்ந்த தோள்
இடது பக்கம், அடியில், நறநறப்பு.
ஓடிப்போய்ச் சுகம் கேட்டிருக்கலாம்.
கேட்கவில்லை. கூட்டமாய் இருந்தது.

இரவு பத்துக்குக் கிணற்றடியில் குளிப்பு.
மகன் ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து கேட்பான்
"இண்டைக்கு எத்தின பேர்?"
முப்பத்தாறு.
கணக்குக் கொப்பியில் எழுதிக்கொள்வான்.
எதற்கென்று நான் கேட்டதில்லை.

நேற்று விடியப்புறம் தொண்டை கரகரத்தது.
கதவுக்கு அப்பால் தேவநேசன்
"என்ன சத்தம் அது?"
வெறும் தடிமல்தான் என்றேன்.
எவ்வளவு சுலபமாய் வந்தது.

குழாயைக் காதில் மாட்டி
என் நெஞ்சில் வைத்தேன்.
அடுப்பில் தண்ணீர் கொதிக்கத் தொடங்குவதுபோல ஏதோ
அல்லது ஒன்றுமே இல்லை
சொந்த மூச்சில் எனக்குப் பயிற்சி இல்லை.
முதுகுக்குக் கை எட்டவில்லை.

வெளியே கொடியில் மழைக்கோட்டு
ஆளில்லாமல் தொங்கியது.
எட்டு மணிக்கு முன்னமே வரிசை வந்துவிடும்.
கட்டிலில் எழும்பி
சுவர்ப் பக்கம் திரும்பி இருந்தேன்
யாரோ கேட்கப்போவதுபோல.