லூபின் பிடுங்கும் நாள்

ஜூன் மூன்றாம் வாரம்.
விக் ஊருக்குக் கிழக்கே, கறுப்பு மணலில்
முழங்கால் உயரத்துக்கு ஊதா.
நகராட்சி கொடுத்தது
நான்கு மண்வெட்டி, ஒரு வேன்,
காற்றுக்கு ஆரஞ்சுக் கோட்டு.

வந்தேறிச் செடி என்கிறது துண்டறிக்கை.
அலாஸ்காவிலிருந்து கொண்டுவந்தவர்கள் நாங்களேதான்,
மணல் பறந்து கண்ணில் விழுந்த காலத்தில்.
இப்போது மணல் அடங்கிவிட்டது.
அதனால் பிடுங்குகிறோம்.

வைடோட்டாஸ் ஒரு வேரை உலுக்கினான்.
ஆணிவேரின் கழுத்தைச் சுற்றி
வளையல்போலப் புடைப்பு.
நோயா என்று கேட்டான்.
பேனாக்கத்தியால் கீறிக் காட்டினேன்.
உள்ளே இளஞ்சிவப்பு,
நம் ரத்தத்துக்குத் தூரத்துச் சொந்தம்.

ரெய்க்யாவிக்கில், இருட்டறையில்,
எலக்ட்ரான் நுண்நோக்கியில்
ஆறு வருடம் இதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்,
ஆய்வுப் பணம் தீரும்வரை.
சொல்லட்டுமா?
சாண்ட்விச்சைப் பிரித்தபடி, சொல் என்றான்.

மண்ணில் ஒரு பாக்டீரியா.
வேர்மயிரின் அடியில், இரண்டு செல்லுக்கு நடுவே
ஒடுங்கி நுழைகிறது.
வேருக்குக் கொல்லத் தெரியும்.
ஆனால் சவ்வில் நிற்கும் ஒரு புரதம்
வந்ததன் சர்க்கரைச் சொல்லை
நாவில் வைத்துப் பார்த்து, சரி என்கிறது.
சுவர் இளகுகிறது.
சவ்வு உள்நோக்கிக் குழிகிறது,
குழிந்து, வந்ததைச் சுற்றி மூடி,
கிள்ளிக்கொண்டு தனியாகிறது.

"உள்ளே வந்துவிட்டதா?"
வந்துவிட்டது.
"அப்படியென்றால் வீட்டு ஆள்."
அங்கேதான் இருக்கிறது விஷயம்.
செல்லுக்குள் இருக்கிறது, செல்லைத் தொட்டதேயில்லை.
எங்கே போனாலும்
ஒரு வாசலைப் போர்த்திக்கொண்டே போகிறது.
செல் இரண்டாய்ப் பிரிந்தால்
விருந்தாளிகளும் பங்காகிறார்கள், போர்வையோடு.

கொள்வினை கொடுப்பினை எல்லாம் அதன் வழிதான்:
அங்கிருந்து அமோனியம்,
இங்கிருந்து மாலிக் அமிலம்.
மூச்சுக்காற்றுகூட அளந்துதான்.
உன் தலைமுடி ஒன்றின் தடிமனில்
பத்தாயிரம் சவ்வை அடுக்கலாம்.

"கிழிந்தால்?"
கிழிந்த ஒன்றின் படம் என்னிடம் உண்டு.
திரிந்த பால்போல இருக்கும்.
யார் யாரைத் தின்றார்கள் என்று
கடைசிவரை எனக்குப் புரியவில்லை.

வெகுநேரம் மென்றான்.
க்ளைபேடாவிலிருந்து வந்து ஒன்பது வருடம்.
என் வீட்டுக் கீழ்த்தளத்தில் ஐந்து.
படிக்கட்டின் தலைமாட்டில் ஒரு கதவு.
அதன் வழியே மீன் சூப் இறங்கும்,
பழுது நீக்கிய ரேடியோ ஏறும்,
வாடகை, பூண்டு வாசம்,
இரவில் ஒருவர் இருமல் ஒருவருக்கு.
தட்டாமல் அவன் ஏறியதில்லை.
நான் இறங்கியதுமில்லை.

"அந்தப் போர்வையை நெய்தது யார்?" என்றான்.
வேர்தான். நூல் பெரும்பாலும் வேருடையது.
"பிறகென்ன?"
அது வராமல் தறி ஓடாது.

ம், என்றான். லிதுவேனிய மொழியில் ஏதோ சேர்த்துக்கொண்டான்.
கீறிய வேரைக் குவியலில் போடவில்லை.
கோட்டுப் பையில் வைத்து
ஜிப்பை இழுத்தான்.

மாலைக்குள் நானூற்றுப் பன்னிரண்டு.
வேனைக் கிளப்பியபோது திரும்பிப் பார்த்தேன்:
பிடுங்கிய குழிகளின் விளிம்பில்
மணல்
ஒவ்வொன்றாய் எழுந்துகொண்டிருந்தது.