நாலடி மிச்சம்

டெஸ்டரை ஒயரில் வைக்கவில்லை, சுவரில் வைத்தேன்.
மினுங்கியது.
"தொட்டா சுள்ளுங்குது தம்பி, ரெண்டு வருஷமா" என்றார் கோமளவல்லி.
தபாலாபீஸ் சிறுசேமிப்பு ஏஜென்ட்.
இதையும் சேர்த்து வைத்திருக்கிறார்.

வலங்கைமானில், குடமுருட்டிக்குத் தெற்கே மூன்றாவது வீடு.
ஆற்றில் தண்ணீர் வந்து பதினாறு நாள்.
சுவர் முழங்கால் உயரத்துக்குக் குடித்திருந்தது,
கை வைத்தால் மாட்டு மூக்கு மாதிரி ஈரம்.

மெயினை இறக்கி
ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்,
தெரியாமல் யாரும் போட்டுவிடக் கூடாது பாருங்கள்.
அந்த வீட்டின் மொத்த மின்சாரமும்
பகல் முழுக்க என் பீடிக்கட்டோடு உரசிக்கொண்டு கிடந்தது.

நீலநூல் போட்டு, கட்டர் ஓட்டி, உளி வைத்தேன்.
செம்புழுதி. இருமல்.
மூன்றாவது அடியில் உளியின் சத்தம் மாறியது.
செங்கல் இல்லை, சுண்ணாம்பு இல்லை,
பூச்சுக்குள் பைப் இல்லாமல் புதைத்த ஒயர்.
சுவிட்ச் பெட்டியிலிருந்து ஃபேனுக்குச் சாய்வாக,
நட்ட வயலை மிதித்துக் குறுக்கே போகிறவனைப் போலப்
போயிருந்தது.
நகத்தால் கிள்ளினேன். தோல் அப்பளமாக நொறுங்கியது.
பக்கத்தில் ஒரு ஆணி.
காலண்டர் ஆணி, துருவேறி,
ஒயருக்கும் அதற்கும் நடுவே அரை நூல் இடம்.

"எந்த மடையன் போட்டது இது?"
பூச்சுக்கு வந்திருந்த பிச்சைக்கண்ணு எட்டிப் பார்த்தார்.
ஜாயிண்டைத் திருப்பினேன்.
ஏழு முறுக்கு. மேலே டேப். டேப் பற்றாத இடத்தில்
சைக்கிள் ட்யூப் வெட்டிச் சுற்றிய ரப்பர்.
அது என் சைக்கிள்.

"யாரோ" என்றேன்.

தொண்ணூற்றொன்பது. எனக்கு அப்போது நாள்கூலி நாற்பது.
மேஸ்திரி ராயப்பன் சொன்னார்,
சாய்ச்சு இழு, நாலடி மிச்சம்,
சுவத்துக்குள்ள யாரு பாக்கப் போறா.
டீ வாங்கித் தந்தார். மசால்வடையும்.
வடை சூடாக இருந்தது. இன்னும் ஞாபகம் இருக்கிறது.

கோமளவல்லி வந்து புதுக் கோட்டைப் பார்த்தார்.
"நேரா மேல ஏத்தி அப்பறம் பக்கமா வளைக்கணுமா?
குறுக்க போனா பைப்பு மிச்சமாகுமே."
கேட்டதில் தப்பில்லை.
என் வாயில் உளிப்பொடி.

"குறுக்க போட்டது நான்தாங்க" என்றேன்.
பெட்டிக்கு நேர் மேலே ஒயர் இருக்கும்னு
ஆணி அடிக்கிற ஆளு நெனச்சுக்குவாங்க.
சாஞ்சு போனா
அவங்களுக்கு எப்படித் தெரியும்.

அவர் என்னைப் பார்க்கவில்லை, ஆணியைப் பார்த்தார்.
"அத அடிச்சது நான். அம்மிக்குழவியால."
அந்த அரை நூல் இடத்தைப் பார்த்துக்கொண்டு
இரண்டு பேரும் நின்றோம்.
அடுப்பில் பால் பொங்கிய வாசனை வரும்வரை.

பிறகு வேலைதான்.
தூக்குக்குண்டு விட்டு நேராகக் காடி,
பைப்பு போட்டுக் கைப்பிடி தூரத்துக்கு ஒரு கிளாம்ப்,
மேலே பூச்சு கட்டைவிரல் கனம் நிற்கும்படி ஆழம்.
லிண்டலில் உளி இறங்கவில்லை, உள்ளே கம்பி.
அந்த முக்கால் அடிக்கு மட்டும் தகரக் கேப்பிங் மூடினேன்,
அடிக்கிறவன் கைக்கு
ஆணி வளைந்து சேதி சொல்லும்.
"துருத்திக்கிட்டு நிக்குது, எப்படிய்யா பூசுறது" என்று
பிச்சைக்கண்ணு சட்டியைக் கீழே வைத்தார். எடுத்தார். பூசினார்.
அதற்கு முன்னால்
டேப்பைச் சுவரில் பிடித்தபடி நான் நிற்க
கோமளவல்லி போனில் படம் எடுத்தார்.
நிலையிலிருந்து இடப்பக்கம் பதினொன்றே கால் அங்குலம்.
படத்தில் என் பாதி முகமும் விழுந்திருந்தது.
இருக்கட்டும் என்றார்.

இருட்டிய பிறகு கட்டையைத் திருப்பிச் சொருகினேன்.
சுவரில் டெஸ்டர் செத்துக் கிடந்தது, நல்ல சாவு.
காலண்டரை மார்போடு பிடித்துக்கொண்டு
"இத எங்க அடிக்கலாம்?" என்றார்.
ஈரம் காயட்டும் என்றேன்.

பில்லில் நாலடி ஒயரின் விலையைக் கழித்தேன்.
டீயையும் வடையையும்
எந்தக் கணக்கில் எழுதுவதென்று தெரியவில்லை.