அடைப்புக்குறிக்குள் ஒரு தீவு

தண்டையார்பேட்டை, ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்,
பழைய அரிசி மண்டியின் பாதியில் ஒரு கிளினிக்.
பலகையில் இரண்டு பெயர்.
மேலே, பெரிதாக, வேதாசலம்.
கீழே பவுலின். பட்டம். அடுத்து ஓர் அடைப்புக்குறி,
உள்ளே வெள்ளை பெயிண்ட்.
வெயில் சாய்ந்து அடிக்கும்போது மட்டும்
அடியில் ஒரு தீவின் பெயர் தெரியும்.

ஷட்டர் தகடு கிழித்த உள்ளங்கையைத்
துண்டில் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறேன்.
டோக்கன் பதினாறு.
பக்கத்தில் மீன் கூடையோடு ஓர் அம்மா,
"பெரியவரு எப்ப வருவாரு?"
"ஒன்பது மணிக்கு."
"அப்ப அவருகிட்டயே காட்டிக்கிறேன்.
இது காசு கட்டி வாங்கின படிப்பாமே."
பையனைக் கூட்டிவந்தவர்,
"மூணு தபா பெயிலு, நாலாவதுலதான் இங்க பாஸாம்" என்கிறார்,
சொந்தக்காரரின் குடியைச் சொல்வதுபோலக் குரல் தணித்து.
நான் வாய் திறக்கவில்லை.
அந்த பெஞ்சிலேயே எனக்குத்தான் அதிகம் தெரியும்.

பிளஸ் டூ உயிரியல் பரீட்சை முடிந்து
பிள்ளைகள் வெளியே வரும் கேட்டில் நின்றவன் நான்.
கையில் பளபள நோட்டீஸ்.
'உலகத் தரம்' நான் போட்ட வார்த்தை.
முதலாளி 'சர்வதேச' என்று எழுதியிருந்தார்,
கல்மண்டபத்தில் அது எடுபடாது என்றேன்.
அட்டையில் கடலைப் பார்த்த ஐந்து மாடி.
அது வேறு ஏதோ நாட்டின் ஓட்டல். அதுவும் தெரியும்.
காலேஜ், மளிகைக் கடைக்கு மேலே இரண்டு தளம் என்று
முதல் பேட்ச் பையன் ஒருவன் போனில் அழுதான்.
"ஆரம்பத்துல அப்படித்தான் தம்பி."
தலைக்கு எட்டாயிரம் எனக்கு.

காசிமேட்டில் போட் இஞ்சின் பார்க்கும் இக்னேசி
அழுக்காகிவிடுமோ என்று
நோட்டீஸை ஓரத்தில் மட்டும் பிடித்துப் படித்தார்.
ஒரே கேள்வி கேட்டார்:
"அங்க நோயாளிங்க இருப்பாங்க இல்ல?"
இருப்பாங்க என்றேன்.
எந்த ஊரில்தான் இல்லை.
விசைப்படகில் அவருக்கிருந்த கால் பங்கு
அந்த மாசமே கைமாறியது.

பதினாறு.

முகத்தைப் பார்க்காமல் துண்டைப் பிரித்தார்.
"விரலை மடக்குங்க. ஒவ்வொண்ணா.
நுனியில தொடறது தெரியுதா? இங்க?"
மரத்துப்போக ஊசி.
தைக்கும்போது பேசவில்லை.
நான் காலண்டரில் அமாவாசை தேடிக்கொண்டிருந்தேன்.
முடித்த பிறகுதான் நிமிர்ந்தார்.
"என்ன வேலை?"
"ஜெராக்ஸ் கடை."
"அதுக்கு முன்னாடி?"
நான் கையைப் பார்த்தேன்.
"திருவொற்றியூர் ஹைரோட்ல, மாடியில.
அப்ப மீசை இருந்துச்சு உங்களுக்கு."

மன்னிப்பு மாதிரி ஏதோ தொண்டைவரை வந்தது.
அவர் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார்.
ஐந்து நாள் மாத்திரை. தண்ணீர் படக்கூடாது.
"முதல் வருஷம் ஒரே ஒரு உடம்பு.
நாப்பது பேர் சுத்தி நின்னோம்.
நான் நின்ன இடத்துலேர்ந்து காது மட்டும்தான் தெரிஞ்சுது.
மிச்சத்தை இங்க வந்து படிச்சேன்."
கோபமா, தெரியவில்லை.
பில் வாசிப்பதுபோல இருந்தது.
"எட்டு நாள் கழிச்சுத் தையல் பிரிக்கணும்.
வேற டாக்டர்கிட்ட போனாலும் சரி."
ஃபீஸ் முந்நூறு. ஒரு ரூபாய் குறைக்கவில்லை.

வெளியே அந்த அம்மா அப்படியே உட்கார்ந்திருந்தாள்.
மணி எட்டு இருபது. கூடையில் ஐஸ் கரைந்து
தரையில் ஓடிக்கொண்டிருந்தது.
"எப்பிடி கீது டாக்டரு?"

எத்தனை கேட்டில், எத்தனை தகப்பன்களிடம்
உலகத் தரம், உலகத் தரம் என்றவன்.

"ஏழு தையல்" என்றேன்.

அவள் கட்டைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள்.
டோக்கன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
எழுந்திருக்கவில்லை.

ரயில்வே கேட் போட்டிருந்தார்கள்.
கூட்ஸ் வண்டி, எண்ணி முடியாத பெட்டிகள்.
மரப்பு இறங்கி
ஒவ்வொரு தையலாக வலிக்கத் தொடங்கியது.
முப்பத்தொரு பேரை அனுப்பியிருக்கிறேன்.
ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன்.