அஞ்சு மில்லிகிராம்

களியக்காவிளையில் பஸ் மாறினால்
பாறசாலைக்குப் பத்தே நிமிடம்.
நடுவில் ஒரு செக்போஸ்ட், கோழி லாரிகள்,
பெயர்ப்பலகையில் எழுத்து இன்னும் உருண்டையாகும் இடம்,
என் முகத்தைப் போல.

மார்த்தாண்டத்து டாக்டர்
மாத்திரையின் பெயரைக் கேட்டதும்
கையுறையைக் கழற்றிவிட்டார்.
"பத்தொம்பது வருஷமாவா?"
"இப்ப அஞ்சு மில்லிகிராம்தான் சார்."
"வேண்டாம்மா. எதுக்கு ரிஸ்க்கு."

ஷைனி டாக்டர் கழற்றவில்லை.
பழைய சீட்டுகளை மேசையில் பரப்பி
என் பன்னிரண்டு வயதிலிருந்து வாசித்தாள்:
சிறுநீரில் நுரை, இமை வீக்கம்,
அறுபது, நாற்பது, இருபது, மறுபடி அறுபது.
கிட்னி டாக்டரிடம் என் முன்னாலேயே போனில் பேசினாள்.
எலும்பின் அடர்த்தி பார்க்கத்
திருவனந்தபுரம் அனுப்பினாள்.

"எலும்பு மோசமொண்ணும் இல்ல ரெஜிலா,
ஆனா தைரியமான எலும்புமல்ல.
இழுத்தா சட்டுன்னு வரும்,
விட்டா சட்டுன்னு திரும்பிப் போவும்.
அதனால நான் இழுக்க மாட்டேன்,
சும்மா தொடுவேன்."

பிறகு, பேனாவைத் திறந்துகொண்டே:
"மாத்திரைய எப்பவாச்சும் நீயா நிறுத்தினியா?"

இருபத்து மூன்று வயதில், ஒன்பது நாள்.
வாக்காளர் அட்டைக்குப் படம் எடுக்குமுன்
முகம் கொஞ்சம் வடியட்டுமென்று.
குழித்துறை ஸ்டேஷனில் விழுந்தேன்.
வெயில் என்று வீட்டில் சொன்னேன்.
எட்டு வருடமாக அது வெயிலாகவே இருந்தது.

அவள் திட்டவில்லை. எழுதிக்கொண்டாள்.

கம்பி முனை கன்னத்தில் கீறிய புண்
மற்றவர்களுக்கு ஏழு நாளாம்.
எனக்கு இருபத்திரண்டு.
நாக்கில் தயிர்போல் ஒரு வெள்ளைப் படலம் வந்து
சொட்டு மருந்துக்குப் போனது.
சக்கை வறுத்ததைப் பையோடு
தம்பி மகனிடம் கொடுத்துவிட்டேன்,
ஒன்றை மட்டும் உப்புக்காக நக்கிவிட்டு.

ரப்பர் ஷீட் கடையில் கணக்கெழுதுகிறேன்.
முதலாளி தங்கநேசன் கேட்டார்:
"முப்பத்தொண்ணு வயசில எதுக்கு பிள்ளே பல்லுக்குக் கம்பி?"
"மூணாம் கட்டு எடை குறையுது, பாருங்க" என்றேன்.

அவரிடம் எப்படிச் சொல்ல?
இந்தக் கன்னம் என்னுடையதல்ல.
கழுத்தின் பின்னால் திரண்ட சதையும்
மேலுதட்டுப் பூனைமுடியும் அல்ல.
எல்லாம் உயிரைக் காத்த மருந்து
கூலியாக வைத்துவிட்டுப் போனது.
கோணல் பல் ஒன்றுதான் அப்பா வழிச் சொத்து.
அதை மாற்றுகிறேன் என்று நான்தான் சொன்னேன்.
என் உடம்பில் யாரையும் கேட்காமல்
நான் சொன்ன முதல் வார்த்தை அது.

ஒன்பதாம் மாதம்.
நெல் நுழைந்த சந்தில் இப்போது நூல்தான் நுழைகிறது.
எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து
நெடுநேரம் பார்த்தாள் ஷைனி டாக்டர்.
"இந்த மாசம் ஒண்ணும் செய்யண்டா.
எலும்பு கொஞ்சம் மூச்சு விடட்டு."

எதையும் முறுக்காமல் திரும்பினேன்.
போக வர டிக்கெட்டும் அரைநாள் சம்பளமும் போயிற்று.
இஞ்சிவிளை தாண்டும்போது
எங்கே இறங்கணும் என்றார் கண்டக்டர்.
வாயில் கை வைக்காமல் சொன்னேன்,
பாக்கி ரெண்டு ரூபாயையும்
கேட்டு வாங்கினேன்.