பதினெட்டில் பதினொன்று

பாஷையூர் செபமாலை றோசலினின் நெஞ்சுப்படம்
ஆறாவது விலா வரைக்கும் தெளிவாக இருந்தது.
அதற்குக் கீழே
யாரோ ஒருவருடைய மணிக்கட்டு.

டொக்டர் துஷ்யந்தி கத்தவில்லை.
"உங்கட கொம்பியூட்டர் இண்டைக்கு
நெஞ்சுக்குள்ள கை வைச்சிருக்கு,
வந்து பாருங்கோ" என்றார். அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரி வீதி முழுக்கக் கார்த்திகை மழை.
சப்பாத்தைக் கழற்றிவிட்டு சேர்வர் அறைக்குள் போனேன்.
கோப்பின் அளவு பதினெட்டு மெகாபைட்.
ஒரு பைட் குறையவில்லை.
அளவு சரியென்றால் யாரும் உள்ளே பார்ப்பதில்லை.
காப்புப் பிரதி எடுக்கிற நிரலும்
பதினெட்டுக்குப் பதினெட்டு என்று ஒத்துப்பார்த்துவிட்டு
படுத்துவிட்டது.

பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன்.
இரவு ஒன்பது நாற்பத்திரண்டு.
மின்சாரம் விழுந்து எழும்பிய இடைவெளியில்
வட்டு பதில் சொல்லவில்லை.
எழுதப் போனது பதினொன்றோடு திரும்பி வந்திருக்கிறது,
பிழை எண்ணைக் கையில் பிடித்தபடி.
ஆனால் அளவு முந்திவிட்டது.
பதினெட்டு வரப்போகிறது என்று இடம் பிடித்து,
பதினெட்டு என்று தலைப்பில் எழுதி,
வராததை வந்ததாகவே விட்டுவிட்டது.

பிடித்த இடம் வெறும் இடம் அல்ல.
மாசியில் அழித்த படம் ஒன்று அங்கே கிடந்தது.
அழிப்பதென்றால் எங்கள் தொழிலில்
பெயரை எடுப்பது மட்டும்தான்.
மணிக்கட்டில் ஒரு மெல்லிய காப்பு,
கழற்ற மறந்திருக்கிறார்கள்.
யாருடையது என்று தேடினேன்.
கிடைக்கவில்லை.

"மிச்சத்தைப் பூச்சியத்தால நிரப்பிவிடுவம்,
சோலி முடிஞ்சுது" என்றான் றெஜினோல்ட்.
பூச்சியமென்றால் திரையில் கறுப்பு.
நெஞ்சுப்படத்தில் கறுப்பென்றால் காற்று.
நுரையீரல் கிழிந்துவிட்டதென்று
அந்த மனுசியை அவசரப் பிரிவுக்கு
உருட்டிக்கொண்டு ஓடுவார்கள்.
இதைச் சொன்னதும்
றெஜினோல்ட் பிளேன்ரீயைக் கீழே வைத்தான்.

விடிய மூன்று மணி வரை வரிசையை மாற்றினேன்.
முதலில் எழுது.
எழுதியது வட்டில் இறங்கியதா என்று கேள்.
இறங்கிய பிறகு, இறங்கிய மட்டும், அளவைக் கூட்டு.
நடுவில் முறிந்தால் பிடித்த இடத்தைத் திருப்பிக் கொடு.
திருப்பிக் கொடுக்கிற நேரத்திலேயே மின் போனால்?
அதற்கும் ஒரு சிறு குறிப்பை முன்கூட்டியே எழுதிவை:
எழும்பினதும் முதல் வேலை இது.
எல்லாம் சேர்த்து இருபத்தாறு வரி.
அதில் ஒன்பது, மன்னிப்புக் கேட்பது போன்ற குறிப்புரை.

பிறகு பிளக்கைப் பிடுங்கினோம்.
செருகினோம். பிடுங்கினோம்.
முப்பத்தொரு தடவை.
பதினேழாவது தடவை மறுபடி பொய் சொன்னது,
ஒரு சமக்குறி தவறிய இடம்.
றெஜினோல்ட் கெட்ட வார்த்தை சொல்லித் திருத்தினான்.

பழைய கோப்பை இப்போது திறந்தால்
பதினொன்று என்கிறது.
வைத்தியத்துக்கு உதவாத பதினொன்று.
ஆனாலும் அதற்குள் வேறு ஒருவரும் இல்லை.

வியாழக்கிழமை றோசலின் திரும்பவும் வந்தார்.
"முந்தி எடுத்த படம் எங்க தம்பி?"
"பாதிதான் வந்தது அம்மா."
"அண்டைக்கு முழுசாக் கிடைச்சதெண்டினம்?"
நான் மேசையின் ஓரத்தைப் பார்த்தேன்.
அவர் கழுத்து உத்தரியத்தைக் கழற்றிக் கைக்குள் பொத்தி
தகட்டில் நெஞ்சைச் சாய்த்தார்.

"மூச்சை இழுத்துப் பிடியுங்கோ."

என் திரையில் அளவு: பூச்சியம்.
பச்சை விளக்கு துடிக்கிறது, எழுதிக்கொண்டிருக்கிறது,
அளவு இன்னும் பூச்சியம்.
மழைக்கு ஜன்னல் அதிர்கிறது.
விளக்கு ஒருமுறை மங்கி, நின்றது.
பூச்சியம்.
பூச்சியம்.
பதினெட்டு.

நிமிர்ந்து பார்த்தால்
கண்ணாடிக்கு அப்பால் அவர் இன்னும்
மூச்சைப் பிடித்தபடியே நிற்கிறார்.
விடச் சொல்ல எல்லோரும் மறந்துபோனோம்.